தையல்காரரின் நான்கு முடிவுகள்

தையல்காரர் செத்தாரா இல்லையா என்பதில்தான் அன்றைய சண்டை தொடங்கியது.

ஈரோடு கருங்கல்பாளையத்தில், ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் மாடியில், மாதம் ஒருமுறை சிறுகதை வட்டம் கூடும். இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ஒன்பது வருடமாக அதை நடத்திவருபவர் வாகீசன். உத்தியோகம் நில அளவை. வாரத்தில் ஆறு நாளும் வரப்பில் நின்று, ஒரு முழ நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு வருபவருக்கு, ஞாயிற்றுக்கிழமை கதை பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். வட்டத்துக்கு அவர் வைத்த விதி ஒன்றுதான். எழுதியவர் உயிரோடு இருக்கவேண்டும். செத்துப்போன எழுத்தாளர்களுக்கு விழா எடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்களை இன்றைக்கே படித்து, எதிரே உட்காரவைத்துப் பேசத்தான் ஆளில்லை என்பது அவர் ஆதங்கம்.

அந்த மாதத்துக் கதையின் பெயர் ‘எடை’. எழுதியவர் நவமணி. கோபிசெட்டிபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீசியன். மொத்தமே பதினோரு கதைகள்தான் எழுதியிருக்கிறார். இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களில் முதல் ஐந்து பேரைச் சொல்லச் சொன்னால் வாகீசன் அவர் பெயரைச் சொல்வார். பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குமுன் ஒரு மணி நேரம் நமக்குள் பேசிவைத்துக்கொள்ளலாம், வந்தவர் முன்னால் உளற வேண்டாம் என்று வாகீசன் எல்லோரையும் முன்கூட்டியே வரச் சொல்லியிருந்தார். இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள்.

“தையல்காரர் சாவை எவ்வளவு அடக்கமா சொல்லீருக்காங்க பாருங்க” என்று ஆரம்பித்தார் சகாயம். கல்லூரியில் தமிழ் நடத்துபவர். எந்தக் கதையானாலும் முதலில் பேசுவது அவர்தான். “செத்த சேதி போன்ல வருது. அந்த டெக்னீசியன் பொண்ணு ஒண்ணும் சொல்லாம ஆஸ்பத்திரி வாசல்ல போயி மழையில நிக்கறா. அந்த மழை இருக்குதே...”

“எங்கீங்க செத்தாரு?” என்றார் நல்லசிவம். மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். “மெசின்ல இருந்து எந்திரிச்சு, எடை பாத்துட்டு, சட்டையப் போட்டுட்டு வூட்டுக்குப் போறாரு. போறப்ப அந்தப் புள்ளைகிட்ட, உனக்கு ஒரு ஜாக்கெட் தெச்சுத் தர்றேன்னு சொல்லீட்டுப் போறாரு. நான் ரெண்டு தடவ படிச்சனுங்க.”

“நீங்க வேற கதையப் படிச்சுட்டு வந்துட்டீங்க.”

“வேற கதையில எங்கீங்க டயாலிசிஸ் வருது?”

வாகீசனுக்கு எரிச்சல் வந்தது. இரண்டு பேருமே படிக்காமல் வந்து சமாளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். கதை அவருக்கு மனப்பாடம், முதலிலிருந்து எடுத்துச் சொன்னார். சிறுநீரகம் போய்விட்ட ஒரு தையல்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வருகிறார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு. மிஞ்சினால் உடம்பில் நீர் ஏறி மூச்சு முட்டும். மனைவி வீட்டில் தண்ணீர்ப் பானைக்குக் காவல் இருக்கிறாள். வந்தவுடன் ஒருமுறை, போகும்போது ஒருமுறை அவரை எடை பார்ப்பது டெக்னீசியனின் வேலை. ஒரு நாள் இயந்திரத்தில் படுத்திருக்கும்போது, ஒரே ஒரு துண்டு ஐஸ் கொடு என்று அவளிடம் கேட்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவர் இறந்துபோகிறார். விதிப்படி சரியாக நடந்துகொண்டவள் அதற்குப்பின் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் டம்ளரைப் பார்த்துவிட்டுக் குடிக்கிறாள். அங்கே கதை முடிகிறது.

“மறுத்துட்டாளா?” என்று சகாயம் அவரைப் பார்த்தார். “குடுத்தாளே.”

“குடுத்தா” என்றார் பின்வரிசையிலிருந்து தெய்வானை.

தெய்வானை சாயப்பட்டறை ஒன்றில் நிறம் சரிபார்ப்பவர். வயது ஐம்பத்திரண்டு. நான்கு வருடமாக வட்டத்துக்கு வருகிறார், நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அன்று எழுந்து நின்று பேசினார். “குடுத்தா. அப்பறம் அவரு போயிடறாரு. அவரு சம்சாரம் ஆஸ்பத்திரிக்கு வருது. கடைசியா என்ன கேட்டாருன்னு கேக்குது. அந்தப் பொண்ணு சொல்லுது, உங்களத்தான் கேட்டாருங்க, வந்துட்டீங்களான்னு கேட்டாருங்கன்னு.”  உட்கார்ந்துவிட்டார்.

தெய்வானையின் கணவர் மூன்று வருடம் டயாலிசிஸ் செய்து இறந்துபோனவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தக் கதையைப் படிக்காமல் அவர் வந்திருக்க மாட்டார்.

வாகீசன் எழுந்தார். “எல்லாரும் உங்க பலகையக் குடுங்க” என்றார்.

எல்லோரும் ‘இணைவாசி’ பலகையில்தான் படிக்கிறார்கள். காகிதப் பத்திரிகைகள் நின்று வருடக்கணக்காகிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. பிடிக்கும் விரலில் நாடியைப் பார்க்கும், கண் எந்த வரியில் தயங்குகிறது என்று பார்க்கும். புரியாத சொல்லுக்குப் புரிந்த சொல் போட்டுத் தரும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அதைத் தப்பு என்று வாகீசன் நினைத்ததில்லை. நான்கு பலகைகளை மேசையில் வரிசையாக வைத்து, நான்கிலும் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். ஒன்றில் மழை. ஒன்றில் ஜாக்கெட். ஒன்றில் டம்ளர். ஒன்றில் வந்துட்டீங்களா. நான்கின் மேலும் ‘எடை - நவமணி’ என்று இருந்தது.

“அட கண்றாவியே” என்றார் நல்லசிவம். “அப்ப இத்தன மாசமா நாம எதப் பத்திங்க பேசிட்டிருந்தோம்?”

போன மாதம் ஒரு கதையைப் பற்றி மூன்று மணி நேரம் பேசியிருந்தார்கள். மூன்று மணி நேரமும் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் தலையாட்டியது வாகீசனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. தான் படித்ததில் இல்லாததைக் கேட்டபோதெல்லாம் தனக்குத்தான் பிடிபடவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். பண்பட்ட கூட்டம் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டிருந்தார்.

நவமணி வந்தபோது மணி பதினொன்றே கால். பஸ் பவானியில் நின்றுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே படியேறி வந்தார். முப்பத்தெட்டு வயது. மருத்துவமனைச் செருப்பையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாகீசன் வரவேற்புரையெல்லாம் சொல்லவில்லை. “அம்மா, இதுல எதுங்க நீங்க எழுதினது?” என்று மேசையைக் காட்டினார்.

நவமணி நான்கையும் நின்றபடியே படித்தார். 

“மழையே என் கதையில கெடையாதுங்க” என்றார்.

“இந்த வரிக்காக நான் மூணு நாளாத் தூங்கல” என்றார் சகாயம், புகார் சொல்வதுபோல.

“அது நான் எழுதலீங்க சார். ஜாக்கெட்டும் நான் எழுதல.”

“வந்துட்டீங்களான்னு கேட்டது?” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

நவமணி திரும்பிப் பார்த்தார். தெய்வானையை அவருக்கு முன்பின் தெரியாது. ஆனால் எட்டு வருடமாக டயாலிசிஸ் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனைவிகளைப் பார்த்தவர். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்தப் பலகையை மட்டும் மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“உங்ககிட்ட இருக்கறதக் காட்டுங்க” என்றார் வாகீசன்.

நவமணி தன் பலகையை எடுத்தார். அதில் டெக்னீசியன் ஐஸ் கொடுத்ததை மனைவியிடம் சொல்லிவிடுகிறாள். மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நவமணி அதை இரண்டு தடவை படித்தார். “இதுவும் இல்லைன்னுதான் நெனைக்கறேன்” என்றார்.

“நெனைக்கறீங்களா? எழுதினது நீங்கதானுங்களே. கையெழுத்துப் பிரதி?”

“யாருங்க இப்பக் கையில எழுதறாங்க? எல்லாம் இணைவாசி பக்கத்துலயேதான் எழுதறது.”

கூட்டம் அத்துடன் கலைந்தது. வாங்கி வைத்திருந்த வடை அப்படியே மிஞ்சியது.

அடுத்த வியாழக்கிழமை நவமணிக்கு வார விடுப்பு. வாகீசன் ஒரு நாள் லீவு போட்டார். இருவரும் கோயம்புத்தூரில் இணைவாசியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி. எழுத்தாளர் உறவு என்று ஒரு பிரிவே இருந்தது. அகல்யா என்ற பெண் அவர்களை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, உண்மையான மரியாதையோடுதான் பேசினாள். அது வாகீசனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போட வந்த இடத்தில் எதிராளி நல்லவளாக இருந்தால் என்ன செய்வது.

“எடை எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்ச கதைங்க மேடம். நாப்பதாயிரம் பேரு படிச்சிருக்காங்க. பாதியில விட்டவங்க ஒருத்தர்கூட இல்ல.”

“நாப்பதாயிரம் பேரும் வேற வேற கதையப் படிச்சிருக்காங்க” என்றார் வாகீசன்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க சார். கதை ஒண்ணுதான். ஒவ்வொருத்தர் மனசுலயும் அது எப்படிப் போய்ச் சேரணுமோ அப்படிச் சேருது. ஒரு எடத்துல நாடி எறங்கினா, கண்ணு வரிய விட்டு நழுவினா, அந்த எடத்த அவங்களுக்குத் தகுந்த மாதிரி மாத்தறோம். மொதல்ல வார்த்தைய மட்டும் மாத்தினோம். போன வருசத்துல இருந்து சம்பவத்தையும் மாத்தறோம். அனுமதி மேடம் குடுத்திருக்காங்க.” ஒப்பந்தத்தைத் திருப்பிக் காட்டினாள். பதினேழாவது பக்கத்தில் நவமணியின் கையெழுத்து இருந்தது.

“சரிம்மா. நான் எழுதிக் குடுத்தது எனக்கு வேணும்” என்றார் நவமணி. “மொதல் நாள் நான் ஏத்தினது. அத மட்டும் குடுங்க, போயிடறேன்.”

அகல்யா முதல்முறையாகத் தயங்கினாள். “அப்படித் தனியா ஒண்ணு இருக்காதுங்க மேடம்.”

“எப்படிம்மா இருக்காது?”

“நீங்க எழுதினதும் அதப் பிரிச்சு வெச்சுக்குவோம். யாரு, எங்க, என்ன நடக்குது, எந்த உணர்ச்சி, எந்த மாதிரி நடை. வரியா வெச்சுக்கறதில்ல. யாராச்சும் தெறக்கும்போது அவங்களுக்காக வரி உருவாகும்.”

“நான் தெறந்தா என் வரி வரோணுமல்ல?”

அகல்யா திரையில் எதையோ பார்த்தாள். “நீங்க இந்தக் கதைய எண்பத்தேழு தடவ தெறந்திருக்கீங்க. தெறக்கும்போது நீங்களும் ஒரு வாசகர்தானுங்க மேடம். உங்க நாடி எங்க எறங்குச்சோ அங்கெல்லாம் கொஞ்சங்கொஞ்சமா மாறியிருக்கும்.”

“எண்பத்தேழு தடவையும் நான் திருத்தினதா நெனச்சுட்டிருந்தேன்” என்றார் நவமணி.

வாகீசன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏம்மா, என் வேலையில ஒரு எல்லைக் கல்ல ஒரு அடி நகத்தி வெச்சா போலீசு வரும். நீங்க கல்லையே வெக்காம ஆளாளுக்கு ஒரு தோட்டத்தக் காட்டிட்டு, எல்லாருக்கும் பட்டா குடுத்திருக்கீங்க.”

“யாரும் புகார் சொல்லலீங்களே சார்.”

“எப்படிச் சொல்லுவாங்க? தெரிஞ்சாத்தானே?”

அகல்யா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒண்ணு சொல்றேன், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. போன மாசம் ஒருத்தரு வந்தாரு. அவரு நாவல்ல கொலை பண்ணினது யாருன்னு எங்ககிட்டக் கேட்டாரு. அவருக்கு மறந்துபோச்சு. எங்களாலயும் சொல்ல முடியல. நானும் கதை எழுதிட்டிருந்தவதாங்க. இப்ப எழுதறதில்ல.” பிறகு பழைய குரலில், “மேடம் விரும்பினா, மேடத்துக்கு அதிகமாப் பிடிச்ச வடிவத்த ஆசிரியர் பதிப்புன்னு நிலையா வெச்சுத் தரலாம்” என்றாள்.

“எனக்குப் பிடிச்சது வேண்டாம்மா” என்றார் நவமணி.

மதியம் திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. வாகீசன் அவிநாசி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். கம்பெனியை, பதினேழு பக்க ஒப்பந்தத்தை, அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட எழுத்தாளர்களை, மூன்று மணி நேரம் தலையாட்டிய தன் வட்டத்தை, கடைசியாகத் தன்னை. நவமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“இத்தனைக்கும் என்னங்க பிரச்சினை?” என்றார் வாகீசன். “கதை உங்க தலையிலதானே இருக்குது. உக்காந்து திரும்ப எழுதுங்க. நாங்க ஜெராக்ஸ் எடுத்துக்கறோம்.”

“எழுதலாமுங்க. கடைசியில என்ன எழுதினேன்னு ஞாபகமில்ல.”

“நீங்களே எழுதினது.”

“எழுதினது மட்டுமில்லீங்க. நடந்ததே ஞாபகமில்ல.”

வாகீசன் அவர் பக்கம் திரும்பினார்.

“அது நெசமா நடந்ததுங்க” என்றார் நவமணி. “ஆறு வருசத்துக்கு முன்னாடி. தையல்காரருதான். பேரு மட்டும் மாத்தியிருந்தேன். ஐஸ் கேட்டாரு. மருந்து வெக்கற ப்ரிஜ்ல இருந்து மூணு துண்டு எடுத்து ஒரு டப்பா மூடியில வெச்சுக் குடுத்தேன். மூணு துண்டு ஐஸால ஒண்ணும் ஆயிராதுங்க, அது எனக்குத் தெரியும், டாக்டரும் அதான் சொல்லுவாரு. ஆனா ரெண்டு நாள்ல போயிட்டாரு. அவரு சம்சாரம் வந்து, கடைசியா ஏதாச்சும் கேட்டாருங்களான்னு கேட்டுச்சு. அதுக்கு நான் என்ன சொன்னேன்? சொல்லிட்டனா, சொல்லலியா? பலகையில எண்பத்தேழு தடவையும் நான் சொல்லிடறேன். அந்தம்மா கட்டிப் பிடிச்சுக்கறாங்க. படிக்கப் படிக்க மனசு லேசாச்சு. இப்ப யோசிச்சா, அந்தம்மா கை என் முதுகுல பட்டதே ஞாபகம் வருது. அது நடந்துச்சா, நான் படிச்சதா?”

வாகீசன் ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாதவர். இரண்டு தரப்பும் ஒரே நிலத்தைத் தன்னுடையது என்று சத்தியம் செய்யும்போது என்ன கேட்பாரோ அதைத்தான் கேட்டார்.

“அந்தம்மா போனதுக்கப்பறம் என்ன பண்ணுனீங்க?”

“வேலை பாத்தேன்.”

“அப்பறம்?”

“வீட்டுக்குப் போனேன்.”

“போயி?”

நவமணி யோசித்தார். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. “போயி ப்ரிஜ்ஜத் தெறந்து, ஐஸ் தட்டு ரெண்டையும் உருவி, பின்பக்கச் சாக்கடையில வீசினேன்” என்றார். “எங்க வீட்டுக்காரரு, ஏன் வீசினேன்னு கேட்டாரு. நாத்தம் அடிக்குதுன்னேன். இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுல ஐஸ் தட்டு கெடையாதுங்க. பசங்க கேட்டாக்கூட வாங்கித் தர்றதில்ல.”



“சொல்லியிருந்தா எதுக்குங்க வீசப் போறேன்?” என்று நவமணி தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். “சொல்லல. ஒண்ணும் கேக்கலீங்கன்னுதான் சொல்லியிருக்கேன்.”

அதற்குப்பின் பெருந்துறை வரை அவர் அழுதுகொண்டே வந்தார். வாகீசன் கைக்குட்டையை எடுத்துப் பார்த்து, அழுக்காக இருக்கவே திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

வட்டத்தில் விஷயம் பரவியது. வாகீசன் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அடுத்த கூட்டத்திலும் அதே கதைதான், நவமணி கையால் எழுதிக் கொண்டுவருகிறார், பலகை வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள் என்றார். பலருக்கு அது பிடிக்கவில்லை. நல்லசிவம் வெளிப்படையாகவே சொன்னார். “வாகீசன், என் கதையில அந்தாளு உசுரோட இருக்கறாரு. நான் வந்து உக்காந்து அவரச் சாகடிக்கோணுமா? என்னை விட்டுருங்க.” ஒரு பேராசிரியை, தன் பலகையில் உள்ள வடிவத்தைப் பற்றி ஏற்கெனவே கட்டுரை எழுதி அனுப்பிவிட்டதாகவும், இப்போது மாற்ற முடியாதென்றும் சொன்னார். சகாயம் வருகிறேன் என்றார். மழையைப் பற்றி நேரில் பேச வேண்டுமாம். தெய்வானைக்குப் போன் செய்ய வாகீசனுக்குத் தைரியம் வரவில்லை. அவரிடமிருக்கும் வரியைப் பிடுங்குவது எந்த விதத்தில் நியாயம் என்று இரண்டு நாள் குழம்பினார். கடைசியில், வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினார். பதில் வரவில்லை.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். தெய்வானையும் வந்தார். அதே பின்வரிசை.

நவமணி ஆறு பக்கம் எழுதியிருந்தார். கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தலோடு. வாகீசன் அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். தாளைப் பிடித்துப் பழக்கம் விட்டுப்போனதால் சிலர் எந்தப் பக்கம் முதலில் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நவமணி வாய்விட்டு வாசித்தார். நன்றாக வாசிக்கத் தெரியாதவர். ஒரே குரலில், நிறுத்தக் குறியில் நிற்காமல், நோயாளி எடையைப் படித்துச் சொல்வதுபோல வாசித்தார். ஐஸ் கேட்கிறார். கொடுக்கிறாள். இறந்துபோகிறார். மனைவி வருகிறாள், கேட்கிறாள். “ஒண்ணும் கேக்கலீங்க” என்கிறாள் டெக்னீசியன். மனைவி போய்விடுகிறாள். அடுத்த நோயாளி எடை பார்க்கும் தட்டில் ஏறி நிற்கிறார். அவ்வளவுதான்.

 வாசித்து முடித்ததும் முதலில் பேசியது சகாயம் அல்ல.

“எனக்குப் பிடிக்கலீங்க” என்றார் தெய்வானை.

வாகீசன் சங்கடத்தோடு எழப் பார்த்தார். நவமணி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். “சொல்லுங்கக்கா” என்றார்.

“உங்க டெக்னீசியனுக்கு ஒண்ணுமே தெரியலீங்க. அந்தப் பொம்பளைய ஏமாத்திட்டதா நெனச்சுட்டு ஒக்காந்திருக்கறா. அவ ஏமாறல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“மூணு வருசம் தண்ணிய அளந்து ஊத்தினவ நான். வாயில தண்ணி பட்டிருக்கா இல்லியான்னு அவரு படியேறி வர்ற மூச்சுலயே தெரியும். கண்ணப் பாத்தாத் தெரியும். திருடித் தின்ன கொழந்த மாதிரி ஒரு சந்தோசம் இருக்கும். கோவம் வரும், அடிக்கலாம்னு இருக்கும், அப்பறம் சரி போகட்டும்னு இருக்கும்.” தெய்வானை தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டார். “இந்தக் கதையில இருக்கற பொம்பளைக்கு அன்னிக்கே தெரியுமுங்க, யாரோ ஐஸ் குடுத்திருக்காங்கன்னு. தெரிஞ்சுக்கறதுக்காக அவ வரல. அந்தப் புள்ள மனசுல வெச்சுட்டுப் புழுங்கப் போகுதேன்னு வந்திருக்கறா. சொல்லிட்டாப் போச்சு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னுதான் கேக்கறா. அந்தப் புள்ளதான் வாயத் தெறக்கல.”

சகாயம் தாளைக் கையிலெடுத்தார். “நல்லாத்தான் இருக்கு தெய்வானை. ஆனா அது உங்க மனசுல தோணறது. கதையில அப்படி எங்க இருக்கு?”

“இருக்குதுங்க சார். நாலாம் பக்கம். கீழ இருந்து மூணாவது வரி.”

ஒன்பது பேரும் தாளைப் புரட்டினார்கள். வாகீசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நவமணியும் தன்னிடமிருந்த பிரதியில் நாலாம் பக்கத்தைத் தேடினார்.

“படிங்க சார்” என்றார் தெய்வானை.

சகாயம் படித்தார். “‘கையில் இருந்த பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசியா ஏதாச்சும் கேட்டாருங்களா என்றாள்.’”

“ஆமா இல்லைன்னு கேட்டுட்டுப் போறவ நின்னுட்டேதான் கேப்பா” என்றார் தெய்வானை. “பையக் கீழ வெச்சு, நாற்காலி இழுத்துப் போட்டு உக்காந்திருக்கறா. எவ்வளவு நேரமானாலும் கேக்கறதுக்குத்தான் வந்திருக்கறா.”

 சகாயம் அந்த வரியை வாய்க்குள் மறுபடி படித்தார். நவமணியின் விரல் தாளில் அந்த இடத்திலேயே இருந்தது.

“அவங்க அப்படித்தான் உக்காந்தாங்க” என்றார் கடைசியில். “நடந்ததுன்னு எழுதினேன். எதுக்கு உக்காந்தாங்கன்னு நான் யோசிக்கவே இல்லீங்கக்கா.”

“அதான் பிடிக்கலன்னேன்” என்றார் தெய்வானை.

“நான் இத ஒத்துக்க மாட்டேன்” என்று சகாயம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “வயசான பொம்பள, பஸ்ல வந்திருக்கா, கால் வலிச்சிருக்கும், உக்காந்திருக்கா. அஞ்சாம் பக்கத்த எடுங்க, அங்க என்ன சொல்லுதுன்னு பாக்கலாம்.”

தேநீர் கொண்டுவந்தவரை வாகீசன் வாசலிலேயே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அஞ்சாம் பக்கத்தைத் திருப்பினார்.